கர்நாடகப் போர் மூன்றும் அடையாறு, ஆற்காடு, வந்தவாசியில். அப்புறம் ஏன் "கர்நாடக"ப் போர்?

பிப்ரவரி 3, இரவு 9:12 | வினாத்தாள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் கர்நாடகப் போர் நடந்த இடங்களைக் குறிக்கச் சொன்னால் பாதிப் பேர் பெங்களூரைச் சுற்றி வட்டம் போடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, பெயர் அப்படி. ஆனால் முக்கியச் சண்டைகள் நடந்தது பெரும்பாலும் இன்றைய தமிழ்நாட்டில். வெள்ளைக்காரன் "சோழ மண்டலம்" என்பதைக் கோரமண்டல் ஆக்கியதுபோல இதையும் காதில் சரியாக விழாமல் மாற்றி எழுதிவிட்டான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

பிப்ரவரி 3, இரவு 10:05 | பாலாறு

அவன் காது நன்றாகவே இருந்தது. அவன் வருவதற்கு முன்பே பெயர் மலையிறங்கிவிட்டது.

விஜயநகரம் என்பது தலைநகரின் பெயர். அந்த அரசுக்குக் கர்நாடக ராஜ்யம் என்று பெயர். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் தோற்று, தலைநகர் பெனுகொண்டாவுக்குப் போனது. பிறகு சந்திரகிரி, பிறகு வேலூர். ராஜா எங்கே உட்கார்ந்தாரோ அங்கே ராஜ்யத்தின் பெயரும் உட்கார்ந்தது. துங்கபத்திரைக் கரையில் பிறந்த பெயர் இப்படித்தான் பாலாற்றங்கரைக்கு வந்தது. 1639-ல் சென்னைக் கடற்கரையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் கொடுத்த தாமர்ல நாயக்கர் இந்தச் சந்திரகிரி அரசரின் கீழ் இருந்தவர். ஆக ஆங்கிலேயன் படகிலிருந்து இறங்கியதே "கர்நாடக" ராஜாவின் மண்ணில்தான்.

அடுத்த கட்டம்: பீஜப்பூரும் கோல்கொண்டாவும் 1640-களிலிருந்து இந்த ராஜ்யத்தைப் பங்கு போட்டன. பிடித்த நிலத்துக்குப் பழைய அரசின் பெயரையே வைத்துக்கொண்டன. ஆளுக்கொரு கர்நாடகம், அதிலும் மலைக்கு மேல் பாலாகாட், மலைக்குக் கீழ் பாயின்காட் என்று இரண்டு கூறு. மொகலாயர் 1686-ல் பீஜப்பூரையும் 1687-ல் கோல்கொண்டாவையும் எடுத்தபோது இந்தக் கணக்குப் பெயர்களும் சேர்ந்து கைமாறின. 1698-ல் செஞ்சியும் அவர்களிடம் விழுந்தது. கொஞ்ச காலத்தில் நிர்வாகம் ஆற்காட்டுக்குப் போனது. 1710-லிருந்து சாதத்துல்லா கான் நவாப். அவர் ஆண்டது கர்நாடக பாயின்காட். பேச்சில் பாயின்காட் உதிர்ந்து "கர்நாடக நவாப்" மட்டும் நின்றது.

கம்பெனிக்காரன் இந்த நவாப்போடுதான் பேரம் பேசினான், கடன் கொடுத்தான், சண்டையில் கூட்டுச் சேர்ந்தான். நவாப்பின் பட்டத்தில் இருந்த பெயரை அப்படியே எழுதினான். மொழியை வைத்து வந்த பெயர் அல்ல இது, கச்சேரியை வைத்து வந்த பெயர். (வருவாய்க் கச்சேரியைச் சொல்கிறேன். பாட்டுக் கச்சேரிக்குப் பிறகு வரலாம்.)

பிப்ரவரி 3, இரவு 10:31 | வினாத்தாள்

அப்படியானால் 18-ம் நூற்றாண்டில் தமிழ்நாடு = கர்நாடகம் என்று எழுதிவிடலாமா?

பிப்ரவரி 3, இரவு 11:20 | பாலாறு

கூடாது. மூன்று இடத்தில் உதைக்கும்.

ஒன்று, கொங்கு. கோயம்புத்தூர் 1799-ல் திப்பு விழும்வரை மைசூர்க்காரர்களுடையது. பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) திண்டுக்கல்லும் 1792 உடன்படிக்கையில்தான் மைசூரிடமிருந்து கம்பெனிக்கு வந்தன. கன்னட அரசு ஆண்ட தமிழ்ப்பகுதி "கர்நாடகத்தில்" சேராது, கன்னடமே பேசாத ஆற்காடு "கர்நாடகம்".

இரண்டு, தஞ்சாவூர். மராட்டிய ராஜா தனி. நவாப்புக்குப் பேஷ்குஷ் (கப்பம்) கட்ட வேண்டியவர். 1773-ல் கம்பெனிப் படையை வைத்து நவாப் தஞ்சையை விழுங்கினார், 1776-ல் கம்பெனியே துப்ப வைத்தது. அதனால் "கர்நாடகத்தில் தஞ்சாவூர் உண்டா" என்பதற்கு ஆண்டைப் பார்த்துத்தான் பதில்.

மூன்று, நெல்லூர். முழுக்கத் தெலுங்கு, ஆனால் நவாப்பின் கர்நாடகத்துக்குள்.

ஆங்கிலேயரின் நிலநூல்கள் இதை ஆறுகளை வைத்துப் பிரித்தன. கொள்ளிடத்துக்குத் தெற்கே தென் கர்நாடகம். கொள்ளிடத்திலிருந்து பெண்ணாறு வரை நடுக் கர்நாடகம். பெண்ணாற்றிலிருந்து குண்டலகம்மா வரை வட கர்நாடகம். இந்தப் பெண்ணாறு நெல்லூரில் கடலில் சேரும் வட பெண்ணை. கடலூர்ப் பக்கத்துத் தென்பெண்ணை என்று எடுத்துக்கொண்டால் நடுக் கர்நாடகம் கொள்ளிடத்துக்கு மேலே ஒரு சின்னத் துண்டாகச் சுருங்கி, சென்னையே வடக்கே தள்ளுண்டு போகும்.

குண்டூர் எல்லையிலிருந்து குமரி முனை வரை சுமார் 600 மைல் நீளம், 50 முதல் 100 மைல் அகலம் என்று இந்த நூல்கள் கொடுக்கும் அளவு தளர்வான பொருளுக்கு உரியது. நவாப் உண்மையில் வரி வாங்கிய நிலம் அதைவிடக் குறைவு. பாளையக்காரர்கள் கொடுத்தால்தானே.

பிப்ரவரி 4, காலை 6:48 | கல்லணை

1780-ல் ஹைதர் அலி ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து புறப்பட்டு, செங்கம் கணவாய் வழியாக இறங்கி, "கர்நாடகத்தின் மீது படையெடுத்தார்" என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து கிளம்பி கர்நாடகத்தைத் தாக்கிய ஒரே ஆள். காஞ்சிபுரத்துக்குப் பக்கம் பொள்ளிலூரில் செப்டம்பர் 10 அன்று ஆங்கிலத் தளபதி பெய்லியின் படையை ஒழித்ததும் கர்நாடகத்தில்தான், ஊருக்குத் திரும்பிப் போனால் அதுவும் கர்நாடகத்தில்தான்.

பிப்ரவரி 4, காலை 8:02 | பாலாறு

மேலே கல்லணை சொன்னது சிரிப்புக்கு நன்றாக இருக்கிறது, மொழிபெயர்ப்பவர்களுக்குத் தலைவலி. ஹைதர் காலத்து ஆங்கில ஆவணத்தைத் தமிழாக்கும்போது "கர்நாட்டிக்" என்றால் கர்நாடகம், "மைசூர்" என்றால் மைசூர் என்றே விட வேண்டும். மைசூரை "இன்றைய கர்நாடகம்" என்று அதே பத்தியில் விளக்கப் போனால் வாசிப்பவர் தொலைந்தார். விளக்கம் வேண்டுமானால் அதை ஆற்காட்டுப் பக்கம் வையுங்கள்: "கர்நாடகம் (ஆற்காடு நவாப்பின் ஆட்சிப் பகுதி)". முதல் முறை மட்டும் போதும்.

இந்த இடமாற்றத்தைக் கால்டுவெல்லே ஒப்பிலக்கணத்தில் கண்டித்திருக்கிறார். முஸ்லிம் ஆட்சியாளர்கள் மலைக்கு மேலும் கீழும் சேர்த்து விரித்தார்கள், ஆங்கிலேயர் அதை மலைக்குக் கீழே மட்டும் என்று சுருக்கினார்கள், உண்மையான கர்நாடகமான மைசூர்ப் பக்கத்துக்கு அந்தப் பெயர் இல்லாமலே போனது என்பது அவர் சொல்வதன் சாரம். வினாத்தாளின் கட்சிக்கு அவரைச் சாட்சிக்கு அழைக்கலாம், ஆனால் அவரும் "காது கோளாறு" என்று சொல்லவில்லை. விரித்தது ஒருவர், சுருக்கியது இன்னொருவர். சுருக்கியதுதான் கம்பெனியின் பங்கு.

பிப்ரவரி 4, பகல் 1:15 | கல்லணை

தமிழிலேயே அந்தக் காலத்தில் அப்படி எழுதினார்களா, அல்லது இது பாரசீக, ஆங்கிலக் காகிதத்தோடு நின்றதா?

பிப்ரவரி 4, இரவு 8:40 | பாலாறு

எழுதினார்கள். கம்பெனியின் நில அளவையாளர் மெக்கென்சி திரட்டிய சுவடிகளில் நாராயண பிள்ளை எழுதிய "கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்" இருக்கிறது. தலைப்பைப் பார்த்து ஹொய்சளரைத் தேடாதீர்கள். செஞ்சியை ஆண்டவர்களின் வரலாற்றுக்கு அது முக்கிய மூலம். 1800-ஐ ஒட்டிய ஒரு தமிழ்க் கணக்குப்பிள்ளைக்குச் செஞ்சி ராஜா கர்நாடக ராஜாதான், அதில் அவருக்கு விநோதமே இல்லை.

பழைய தமிழில் போனால் நிலைமை தலைகீழ். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் வரும் "கொடுங்கருநாடர்" மலைக்கு அப்பால் இருப்பவர்கள், வேற்று நாட்டார் பட்டியலில் வருகிறார்கள். பெரிய புராணத்தில் மூர்த்தி நாயனார் கதையில் மதுரையைப் பிடிக்கிறவன் "வடுகக் கருநாடர்" மன்னன். 12-ம் நூற்றாண்டில் நமக்குக் கருநாடர் வெளியிலிருந்து வருகிறவர். 18-ம் நூற்றாண்டில் நாமே கர்நாடகத்தில் குடியிருக்கிறோம். நடுவில் வந்தது விஜயநகரம்.

பெயரின் வேருக்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள்: கரிய மண் நாடு, உயர்ந்த நாடு. கரிசல் தார்வாடு, பீஜப்பூர்ப் பக்கம் நிறைய. மைசூர்ப் பக்கம் செம்மண். ஆகவே கரிய மண் விளக்கத்தை எடுத்தால் பெயரின் பிறப்பிடம் வடக்கே போகும். உயர்ந்த நாடு என்றால் மேட்டுநிலம் முழுக்கப் பொருந்தும். இதை வைத்து யாரும் இங்கே அடித்துக்கொள்ள வேண்டாம். வேறு இழை திறக்கலாம்.

பிப்ரவரி 5, காலை 11:26 | உலர்செடி

வரலாறு பேசுகிறவர்கள் கவனத்துக்கு: இந்தப் பெயர் இன்னும் சாகாமல் உயிரோடு இருக்கும் ஓர் இடம் தாவரவியல். ஹூக்கரின் இந்தியத் தாவர நூலிலும், 1915-லிருந்து வந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலிலும் "கர்நாட்டிக்" ஒரு தாவரப் பகுதி. கிழக்குக் கடற்கரைச் சமவெளியும் அதை ஒட்டிய காய்ந்த காடும். கேம்பிளில் ஒரு செடியின் பரவலைப் பார்த்தால் வட சர்க்கார், தக்காணம், கர்நாட்டிக், மேற்குக் கடற்கரை, மேற்கு மலைத்தொடர் என்று இடங்கள் அடுக்கி வரும். மைசூர் தனியாக வரும்.

பழைய உலர்தாவரத் தாள்களை (செடியை உலர்த்தி ஒட்டி, கிடைத்த இடத்தை எழுதிவைத்த தாள்கள்) கணினியில் ஏற்றும்போது இதுதான் இடறல். தாளில் ஊர் இல்லாமல் "கர்நாட்டிக்" மட்டும் இருந்தால், இடப்பெயர் நிரல் அதைக் கர்நாடக மாநிலம் என்று புரிந்துகொண்டு மாநிலத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்துவிடும். வேதாரண்யம் பக்கத்து உலர் பசுமைக் காட்டுச் செடி, வரைபடத்தில் தும்கூர்ப் பக்கம் முளைக்கும். அப்புறம் அந்தப் புள்ளியை வைத்து மழையளவு, உயரம் எல்லாம் கணக்குப் போட்டால் கடல்மட்டச் செடிக்கு 800 மீட்டர் உயரம் வரும்.

நாங்கள் செய்வது:

மாநிலக் கட்டத்தைக் காலியாக விடு. "இடம், தாளில் உள்ளபடி" என்ற கட்டத்தில் எழுத்து மாறாமல் பதி. சேகரித்தவர் பெயரையும் ஆண்டையும் வைத்து அவர் அந்த மாதம் எங்கே இருந்தார் என்று மற்றத் தாள்களில் பார். கிடைத்தால் மாவட்டம் போடு. கிடைக்காவிட்டால் புள்ளி வைக்காதே, பகுதி என்று மட்டும் குறி. புள்ளி வைத்தே ஆக வேண்டும் என்று மென்பொருள் அடம்பிடித்தால் பிழை ஆரத்தை 300 கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடு, அப்போதுதான் பின்னால் வருகிறவர் வடிகட்டித் தள்ள முடியும்.

பிப்ரவரி 5, பகல் 12:10 | பாலாறு

உலர்செடியின் 300 கிலோமீட்டர் தெற்கு வடக்காகப் பார்த்தால் போதாது. 600 மைல் என்றால் 960 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் புள்ளி வைத்தால் ஆரம் 480 தேவை.

பிப்ரவரி 5, பகல் 12:34 | உலர்செடி

கேம்பிளின் கர்நாட்டிக் நவாப்பின் கர்நாட்டிக் அளவுக்கு நீளமாக எல்லாச் செடிக்கும் விரியாது, பெரும்பாலும் "தெற்கு" என்றோ மாவட்டப் பெயரோ கூடவே இருக்கும். அடைமொழி இல்லாத தாளுக்கு 480 சரி. நோட்டில் ஏற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 5, இரவு 9:55 | பாலாறு

பழைய வரைபடம் வைத்திருப்பவர்களுக்கு, கேட்கும் முன்பே.

பிரெஞ்சு வரைபடத்தில் "கர்நாடகம்" என்ற எழுத்து எந்தத் தீர்க்கரேகைக்கு நடுவில் ஓடுகிறது என்று பார்க்கும்போது பூஜ்யம் எங்கே என்று முதலில் பாருங்கள். கிரீன்விச் கிடையாது. பாரிஸ் அல்லது ஃபெரோ தீவு. பாரிஸ் கிரீன்விச்சுக்குக் கிழக்கே 2° 20'. ஃபெரோவைப் பாரிஸுக்கு மேற்கே சரியாக 20° என்று வைத்துக்கொண்டார்கள். சென்னை கிரீன்விச் கணக்கில் 80° 17' கிழக்கு. பாரிஸ் கணக்கில் 77° 57'. ஃபெரோ கணக்கில் 97° 57'. பாரிஸ் கணக்கு வரைபடத்தைக் கிரீன்விச் என்று நினைத்துப் படித்தால் சென்னை 77° 57'-க்குப் போய்விடும், அதாவது இன்றைய கர்நாடக எல்லைக்குள், கோலாருக்குச் சற்றே மேற்கில். "பார், அப்போதும் கர்நாடகம் மைசூரில்தான் எழுதியிருக்கிறது" என்று சாதிக்க இது ஒன்றே போதும். சென்னையையும் புதுச்சேரியையும் வரைபடத்தில் கண்டுபிடித்து அவற்றிலிருந்து அளந்தால் இந்த வம்பு இல்லை.

எழுத்து எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதும் முக்கியம். பகுதிப் பெயரை அகல இடைவெளி விட்டு வளைத்து எழுதுவார்கள். முதல் எழுத்து கடப்பையில், கடைசி எழுத்து திருச்சியில் இருக்கும். நடுவில் நாலு ஊர்ப்பெயர் புகுந்து மறைக்கும். பெரிதாக்கி ஒரு துண்டை மட்டும் பார்த்தால் வேறு பகுதிபோலத் தெரியும்.

பிப்ரவரி 6, காலை 7:30 | வினாத்தாள்

முதல் போரில் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்த தேதி ஒரு புத்தகத்தில் 1746 செப்டம்பர் 10, இன்னொன்றில் செப்டம்பர் 21. எதை எழுதுவது?

பிப்ரவரி 6, காலை 8:11 | பாலாறு

இரண்டும் ஒரே நாள். இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டி, பிரான்ஸ் புதியது, வித்தியாசம் 11 நாள். கேள்வித்தாளில் செப்டம்பர் 21 (புதிய கணக்கு) என்று போடுங்கள். ஆங்கில ஆவணத்தில் ஜனவரி முதல் மார்ச் 24 வரையான தேதிகளில் ஆண்டும் ஒன்று குறையும், அவர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25. ஆகவே 1746/7 என்று சாய்கோடு போட்டிருந்தால் நம் கணக்கில் 1747.

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் தமிழ்த் தேதியும் வரும், 1746 ஏப்ரலில் பிறந்தது அட்சய வருஷம். இன்றைய காலண்டரை வைத்துப் புரட்டாசி 1 = செப்டம்பர் 17 என்று பின்னோக்கி எண்ணாதீர்கள். அப்போது தமிழ் மாதப் பிறப்பு இன்றைக்கு வருவதைவிட நாலு நாள் அளவுக்கு முன்னால் விழுந்தது.

பிப்ரவரி 6, இரவு 10:18 | மலப்பிரபா

எல்லோரும் மலைக்குக் கீழேயே நிற்கிறீர்கள். வடக்கே இந்தப் பெயர் என்ன ஆனது என்று யாரும் பார்க்கவில்லை.

9-ம் நூற்றாண்டுக் கன்னட நூலான கவிராஜமார்க்கம் கன்னட நாட்டைக் காவிரியிலிருந்து கோதாவரி வரை என்கிறது. திருத்தமான கன்னடம் பேசும் நடுப்பகுதி என்று நாலு ஊரையும் சொல்கிறது: கிசுவொழல், கொப்பண, புலிகெரெ, ஒக்குந்த. இன்றைய பட்டதகல், கொப்பள், லட்சுமேஷ்வர், பெலகாவி மாவட்டத்தில் ஒரு கிராமம். நாலுமே வட கர்நாடகம். மைசூர் அந்தச் சதுரத்தில் இல்லை.

ஆற்காட்டில் நவாப் "கர்நாடக" நவாப்பாக இருந்த அதே காலத்தில் மராட்டியர்களுக்குக் கர்நாடகம் என்றால் கிருஷ்ணை ஆற்றுக்குத் தெற்கே எல்லாமும். சிவாஜியின் 1677 கர்நாடகப் படையெடுப்பு செஞ்சி, வேலூர் வரை வந்தது. இந்தப் பழக்கத்தைப் பம்பாய் அரசு வாங்கிக்கொண்டது. பெல்காம், தார்வாடு, பீஜப்பூர், வட கன்னடம் சேர்ந்தது பம்பாய்-கர்நாடகம். தார்வாட்டில் கர்நாடக வித்யாவர்த்தக சங்கம் 1890-ல் வந்தது, கர்நாடகக் கல்லூரி 1917-ல். மங்களூரில் கர்நாடகா வங்கி 1924-ல். அப்போது மங்களூர் சென்னை மாகாணம். இதெல்லாம் நடக்கும்போது கர்நாடகம் என்று ஒரு மாநிலமே கிடையாது.

1956 நவம்பர் 1 அன்று மைசூர், குடகு, பம்பாயின் நாலு மாவட்டம், ஐதராபாத்தின் குல்பர்கா, ராய்ச்சூர், பீதர், சென்னையிலிருந்து தென் கன்னடமும் கொள்ளேகால் தாலுகாவும் சேர்ந்தன. பெல்லாரி 1953-லேயே வந்துவிட்டது. சேர்த்து வைத்த பெயர் "மைசூர்". தார்வாட்டுக்காரருக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள், பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தவர் அவர், பெயர்ப்பலகையில் வேறு வீட்டுப் பெயர். தேவராஜ் அர்ஸ் முதல்வராக இருந்தபோது 1973 நவம்பர் 1-ல்தான் கர்நாடகம் ஆனது.

பிப்ரவரி 6, இரவு 10:50 | கல்லணை

1973 வரை மாநிலம் மைசூர் என்றால், அதுவரை தமிழில் கர்நாடகம் என்றால் பாட்டும் பழமையும்தான். மாநிலம் பெயரை எடுத்துக்கொண்டதும்தான் குழப்பமே ஆரம்பம்.

பிப்ரவரி 7, காலை 6:20 | பாலாறு

கல்லணை சொல்வது பாதி சரி. 1801-ல் நவாப்பின் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. வெறும் பட்டம் 1855 வரை ஓடியது. 1867-ல் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த புதுப் பட்டம் "ஆற்காடு இளவரசர்". கவனியுங்கள், பட்டத்திலேயே கர்நாடகம் போய் ஆற்காடு வந்துவிட்டது. நிர்வாகத்தில் வட ஆற்காடு, தென் ஆற்காடு என்று மாவட்டங்கள். ஆக 19-ம் நூற்றாண்டின் பின்பாதியிலேயே இங்கே இடப்பெயராக அது காலாவதி. தார்வாட்டில் அதே சமயம் சங்கம் வைக்கிறார்கள். இங்கே காலியான நாற்காலியில் அங்கே உட்கார்ந்தார்கள் என்று சொன்னால் மலப்பிரபா அடிக்க வருவார், நாற்காலியே அவர்களுடையது.

இடப்பெயராகச் செத்தபின் ஒட்டிக்கொண்டிருந்தவை: ராணுவம் (1903 சீரமைப்புக்குப் பின் 80, 86, 88 முதலான எண்களில் கர்நாட்டிக் காலாட்படைகள்), உலர்செடியின் தாள்கள், பாடப்புத்தகப் போர்கள், சங்கீதம், வசவு.

பிப்ரவரி 7, காலை 9:44 | கல்லணை

வசவு என்றதும் நினைவு வந்தது. "ஆள் சுத்தக் கர்நாடகம்" என்றால் குடுமி, பஞ்சகச்சம், பேனாவைத் தொடாதவர். இது மைசூர்க்காரரைக் குறித்த கேலி என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். கிடையாது. புது நாகரிகம் படாத பழைய முறை என்று பொருள். கல்கி ஆனந்த விகடனில் கச்சேரி விமர்சனம் எழுதியபோது வைத்துக்கொண்ட புனைபெயர் "கர்நாடகம்". சங்கீதம், பழமை இரண்டையும் ஒரே சொல்லில் அடித்தார். இன்று ஒருவர் அந்தப் பெயரில் எழுதினால் காவிரி நீரைப் பற்றி என்று நினைப்பார்கள்.

பிப்ரவரி 7, பகல் 2:05 | மலப்பிரபா

சங்கீதத்திலும் வேடிக்கை உண்டு. மும்மூர்த்திகள் மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள், தஞ்சைச் சீமை. பாட்டு தெலுங்கும் சமஸ்கிருதமும். பெயர் கர்நாடக சங்கீதம். பெயரின் சொந்த ஊரான தார்வாடு, ஹூப்ளிப் பக்கம் போனால் மல்லிகார்ஜுன் மன்சூர், கங்குபாய் ஹங்கல், பீம்சேன் ஜோஷி. அத்தனை பேரும் இந்துஸ்தானி. கர்நாடகக் கல்லூரி இருக்கும் ஊரில் கர்நாடக சங்கீதத்துக்கு ஆள் தேட வேண்டும்.

பிப்ரவரி 7, பகல் 2:31 | பாலாறு

இங்கே சங்கீதத்துக்கு வந்த பெயர் நவாப்பிடமிருந்து வந்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். அப்படி எடுக்க வேண்டாம். கர்நாடக சங்கீதத்தின் தந்தை எனப்படும் புரந்தரதாசர் காலம் 16-ம் நூற்றாண்டு, விஜயநகரம் நின்றுகொண்டிருந்தது. நவாப்பின் பெயரும் சங்கீதத்தின் பெயரும் ஒரே ராஜ்யத்திலிருந்து தனித்தனியாக வந்த இரண்டு வாரிசுகள்.

பிப்ரவரி 8, இரவு 9:03 | வினாத்தாள்

சரி, என் கட்சி வைப்புத்தொகை இழந்தது. பழைய ஆவணம், புத்தகம் எதிலாவது பெயரைப் பார்த்தால் எந்தக் கர்நாடகம் என்று வேகமாகப் பிரிக்க வழி சொல்லுங்கள்.

பிப்ரவரி 8, இரவு 10:40 | பாலாறு

முதலில் ஆண்டு. 1565-க்கு முன்: கன்னட நாடு, அல்லது விஜயநகர அரசு முழுவதும். 1565 முதல் 1690-கள்வரை: மிக ஆபத்தான இடம், மேலும் கீழும் இரண்டும் வரும், பாலாகாட்/பாயின்காட் சொல்லைத் தேடாமல் முடிவெடுக்காதீர்கள். 1700 முதல் 1801 வரை ஆங்கில, பிரெஞ்சுக் காகிதம் என்றால் பத்துக்கு ஒன்பது ஆற்காடு. அதே நூற்றாண்டு மராட்டிக் காகிதம் என்றால் கிருஷ்ணைக்குத் தெற்கு. 1850-க்குப் பிறகு பம்பாய் அரசுக் காகிதம் என்றால் தார்வாடு வட்டாரம். 1973-க்குப் பிறகு மாநிலம்.

அடுத்தது அக்கம்பக்கச் சொற்கள். நவாப், கோரமண்டல், பாளையக்காரர், வாலாஜா, செயின்ட் ஜார்ஜ் கோட்டை என்று வந்தால் கீழே. தேசாய், தென் மராட்டியம், பெல்காம் என்று வந்தால் மேலே.

எழுத்துக்கூட்டும் உதவும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஆங்கிலத்தில் "கர்நாட்டிக்" பெரும்பாலும் கீழே, "கர்நாட்டக்" என்று முடிந்தால் பம்பாய்ப் பக்கம். "கனரா" என்பது மேற்குக் கடற்கரை மட்டும். கம்பெனிக்கு 1799-ல் திப்புவிடமிருந்து வந்து, 1862-ல் வடபாதி பம்பாய்க்குப் போனது. அதைக் கர்நாடகம் என்று மொழிபெயர்த்தால் ஆற்காடும் மங்களூரும் ஒரே வரியில் மோதும். தென் கன்னடம், வட கன்னடம் என்றே போடலாம்.

மின்னூலகத்தில் தேடும்போது குப்பையாக வருவதில் முதலிடம் ஒரு கப்பல். பி அண்ட் ஓ கம்பெனியின் "கர்நாட்டிக்", 1862-ல் கட்டியது, 1869 செப்டம்பரில் செங்கடலில் பவளப்பாறையில் மோதி மூழ்கியது. முத்துக்குளிக்கிறவர்கள் மாதிரி இன்றும் ஆட்கள் அதைப் பார்க்க இறங்குவதால் பக்கம் பக்கமாக வரும். ஆண்டை 1801-க்குள் கட்டினால் கப்பல் ஒழியும், சங்கீதமும் பாதி ஒழியும்.

பிப்ரவரி 8, இரவு 11:15 | மலப்பிரபா

மாநிலத்துக்குள்ளேயே பெயர் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது, அதையும் சேருங்கள். ஐதராபாத்-கர்நாடகம் 2019-லிருந்து கல்யாண கர்நாடகம். பம்பாய்-கர்நாடகம் 2021-லிருந்து கித்தூர் கர்நாடகம். செய்தி தேடுகிறவர்கள் இரண்டு பெயரிலும் தேட வேண்டும். அரசியலமைப்பின் 371-ஜே பிரிவில் ஒதுக்கீடு பற்றிய பழைய அரசாணை எல்லாம் ஐதராபாத்-கர்நாடகம் என்ற பெயரில்தான் கிடக்கிறது.

பிப்ரவரி 9, காலை 7:05 | உலர்செடி

பொருளடைவுக்கு ஒரு கேள்வி. ஒரே புத்தகத்தில் மூன்று கர்நாடகமும் வந்தால் எப்படிப் பதிவது?

பிப்ரவரி 9, காலை 7:52 | பாலாறு

மூன்று தனிப் பதிவு. "கர்நாடகம் (ஆற்காடு, 1801 வரை)", "கர்நாடகம் (பம்பாய் மாகாணம்)", "கர்நாடகம் (மாநிலம், 1973 முதல்)". 1956 முதல் 1973 வரையானது "மைசூர் மாநிலம்" என்ற பதிவில், அங்கே ஒரு குறுக்குக் குறிப்பு. சங்கீதத்தை "இசை"யின் கீழ் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒன்றே ஒரு பக்கம் சாப்பிடும். "கர்நாடகம்", "கருநாடகம்", "கர்நாடகா" மூன்று எழுத்தும் நூலில் கலந்து வந்தால் ஒன்றைத் தலைச்சொல்லாக வைத்து மற்ற இரண்டிலிருந்தும் "காண்க" போட வேண்டும். கணினி அகரவரிசையில் "கருநாடகம்" முன்னாலும் "கர்நாடகம்" பின்னாலும் விழுந்து நடுவில் வேறு பதிவுகள் நுழைந்துவிடும், அச்சுக்குப் போகும் முன் கையால் பாருங்கள்.